நாற்பத்தோராம் மரம்

சந்தூர் மேட்டில் நூற்றுப் பதினாறு மாமரம்
எனக்குக் குத்தகை.
மார்கழியில் பெயின்ட் டப்பாவோடு போய்
ஒவ்வொன்றுக்கும் எண் போடுவேன்.
பூவைப் பார்த்துத்தான் காசு பேசுவது வழக்கம்.
இந்த வருஷம் பூ வருமுன்பே பேசிவிட்டேன்.
காவேரிப்பட்டணத்துக்காரன் ஒருவன்
தோட்டத்தையே சுற்றிக்கொண்டிருந்தான்.

மாவுக்கு ராத்திரி குளிர வேண்டும்.
பத்துப் பதினைந்து நாள், விடாமல்,
விடியலில் பைக் சீட்டைத் துடைத்தால்
விரல் மரத்துப்போகிற குளிர்.
அப்போதுதான் கிளைநுனி யோசிக்கும்:
இலையா, பூவா?
குளிரவில்லையென்றால் யோசனையே இல்லை.
இலைதான்.

தை பிறக்க மூன்று நாள்.
நுனியெல்லாம் கொழுந்து,
செம்பு நிறத்தில், பளபளவென்று,
கல்யாணத்துக்கு உடுத்தி வந்ததுபோல.
யாராவது சொல்லுங்கள்,
கொழுந்து கிலோ என்ன விலைக்குப் போகும்?

அன்றைக்குத்தான் சென்றாயன் வந்து நின்றான்.
என் தம்பி. பதினாறு வருஷமாக
வடக்கே, எல்லைச் சாலையில்
பனி வெட்டும் வண்டி ஓட்டுகிறான்.
கார்த்திகையில் கணவாய் மூடினால்
சித்திரையில்தான் திறக்கும்.
பொங்கலுக்கு அவன் குரல் மட்டும் வரும்,
அதுவும் டவர் கிடைத்தால்.
அப்பா என்பது கோடை விடுமுறையில் வருவது
என்றே நினைத்து வளர்ந்தாள் அவன் மகள்.

"எப்படிடா விட்டாங்க?"
"ரோடு மூடவே இல்லக்கா.
வெட்டறதுக்கு ஒண்ணுமில்ல, வண்டி ஷெட்ல நிக்குது.
மலையெல்லாம் கறுப்பா,
நம்மூர்ப் பாறையாட்டம் இருக்குது.
லீவு கேட்டேன். உடனே குடுத்துட்டாங்க."

வீடே சிரித்தது.
ஒப்பட்டு தட்டித் தட்டி
மாதம்மாளின் உள்ளங்கை சிவந்தது.
மகள் அவன் முதுகைக் கட்டிக்கொண்டு
பர்கூர் வரை பைக்கில் போய்வந்தாள், காரணமே இல்லாமல்.
நானும் சிரித்தேன். பொய்ச் சிரிப்பில்லை.

ராத்திரி மொட்டைமாடியில்
சட்டையில்லாமல் படுத்திருந்தான்.
"தைப்பனி தரையைத் துளைக்கும்னு சொல்வாங்களே,
எங்கக்கா அது?"
கேட்டுக்கொண்டே ஒரு கொசுவை அடித்தான்.
மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்ற மறுபாதியை
இரண்டு பேருமே சொல்லவில்லை.

அவனூர்ப் பனி மண்வெட்டியால் அள்ளுவது.
என்னூர்ப் பனி துண்டால் துடைப்பது.
இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான்.
ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கக் கண்டு
ரேஷன் ஆபீசில் இருவரையும் நீக்கியதுபோல
ஆகிவிட்டது.

மறுநாள் தோட்டத்துக்கு வந்தான்.
நாற்பத்தோராம் மரம், பெங்களூரா,
அடிமரம் தூண்போல நிமிர்ந்திருக்கும்.
அதில் முதுகைச் சாய்த்து நின்று
தலைக்குமேல் ஒரு முழம் கையை உயர்த்தினான்.
"நான் சேர்ந்த வருஷம் இதுவரைக்கும்."
என் கையில் பிரஷ் இருந்தது. கோடு இழுத்தேன்.
"பாப்பா பொறந்தப்போ இங்க." மார்பு.
"கொரோனா வருஷம் இங்க." இடுப்பு.
"ஒரு வருஷம் மறுபடி கழுத்து மட்டும் ஏறிச்சு,
ஒரே வாரத்துல கொட்டி, ஒரே வாரத்துல ஓடிப்போச்சு.
அதையும் போடு, இல்லன்னா கணக்கு தப்பு."
போட்டேன்.
பிறகு குனிந்தான். இன்னும் குனிந்தான்.
கணுக்காலுக்கும் கீழே விரலை வைத்தான்.
அங்கே புல் மறைத்தது,
பெயின்ட் சரியாக ஒட்டவில்லை.

பதினெட்டாம் தேதி ரயில்.
போய்ச் சேர்ந்த மறுநாள் நானே கூப்பிட்டேன்.
"பெய்யுதாடா?"
"பெய்யுதுக்கா."
மூச்சு விட்டேன்.
"மழை," என்றான்.

இரண்டாம் தவணைக்குத் தோட்டக்காரர் திம்மராயப்பா வந்தார்.
மேலே பூவைத் தேடினார், கிடைக்கவில்லை.
கீழே கோடுகளைப் பார்த்தார்.
"இதென்னம்மா, வெள்ளம் நின்ன தடமா?"
"பனிங்க," என்றேன்.

அவர் உட்கார்ந்து
புல்லை ஒருமுறை தடவிப் பார்த்தார்.
பிறகு, பழக்கத்தில்,
காய்ந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.