பற்றவைப்பு

துலூத் நகரில் ஜனவரி. ஏரி உறைந்துவிட்டது.
இரும்புத்தாது ஏற்றும் கப்பல்களுக்கு மார்ச் வரை விடுமுறை.
பனிக்கு விடுமுறை இல்லை.
இரவெல்லாம் தெருத்தெருவாக அதை வழித்துத் தள்ளிவிட்டு
மார்லிஸ் ஹாபலா வீடு வந்திருக்கிறாள்.
பூட்ஸைக் கழற்றவில்லை.
முட்டைத் தட்டை முழங்கையால் ஒதுக்கிவிட்டு
சால்டரிங் அயர்னைச் செருகுகிறாள்.

கடையில் விற்ற மின்சிகரெட்டில்
மூன்று புள்ளி ஏழு வோல்ட். அவ்வளவுதான்.
யாரோ அடுத்த அறையில் வெந்நீர் வைத்ததுபோல் ஓர் ஆவி.
இருபத்தாறு வருடம், நாளுக்கு ஒன்றரைப் பாக்கெட் கண்ட நெஞ்சு
இதற்கெல்லாம் மசியுமா?
"அழுத்தம் அதிகம்" என்றார் டாக்டர்,
கைப்பட்டையை அவிழ்த்தபடி.
"குறைவு" என்றாள் இவள்.
இருவரும் சொன்னது உண்மை.

ஆகவே
புதினா மிட்டாய் தீர்ந்த தகர டப்பா,
தொடராகக் கட்டிய இரண்டு பாட்டரி,
நகமளவு ரெகுலேட்டர்
(இரண்டு வாங்கினாள், ஒன்று தவறுக்கு),
கெட்டுப்போன ரேடியோவின் வால்யூம் குமிழ்.
குமிழுக்கு மூன்று கால்.
நடுக்காலும் ஓரக்காலும் வேலை செய்யும்,
மூன்றாவது சும்மா நிற்கும்,
யூனியன் கூட்டத்தில் ஓடெல் பெர்க் நிற்பதுபோல.

ஈயம் ஒரு கணம் தயங்கி, பிறகு
தாமிரத்தின் மேல் பளபளவென்று படுக்கிறது.
மூச்சை அடக்கிக்கொண்டு பற்றவைக்கிறாள்.
மீட்டர் முள் அசைகிறது. குமிழைத் திருப்பினால்
நான்கு. நான்கரை. ஐந்து.
சொன்ன பேச்சைக் கேட்கிறது!
டப்பாவை மூடினாள்.

மூடியதும் சுட்டது.
முதலில் காபிக் கோப்பைபோல,
பிறகு கையில் பிடிக்க முடியாதபடி.
கதவைத் திறந்து வீசினாள்.
முற்றத்துப் பனியில் விழுந்து
ஸ்ஸ் என்று புதைந்தது மூன்று வாரத்துச் சம்பாத்தியம்.
நல்லவேளை பூட்ஸைக் கழற்றவில்லை.

லாரியின் டாஷ்போர்டு அறையில் இருந்தது கடைசி சிகரெட்,
பெட்ரோல் ரசீதில் சுருட்டி, தன்னிடமிருந்தே ஒளித்து வைத்தது.
எடுத்தாள்.
இதுவும் பற்றவைப்புதான்.
முதல் இழுப்பில் திட்டினாள், பின்லாந்து மொழியில்,
அவளுக்கு அதில் தெரிந்ததே அந்த நான்கு சொல்தான்.
இரண்டாவதில் இருமல்.
மூன்றாவதில் பனியில் விழுந்த குழியைப் பார்த்தாள்.
நான்காவது இழுப்புக்கு உதடு குவிந்தபோது
"மூடி!" என்றாள்.
மூடியும் தகரம். தகரமும் ஒரு கம்பி.
உள்ளே பாட்டரி முனையை அது தொட்டிருக்கிறது.
அவ்வளவுதான் விஷயம்.
பாதி சிகரெட்டை மண்வெட்டிப் பிடிமேல் வைத்துவிட்டு
உள்ளே ஓடினாள்.
மீதியைக் காற்று குடித்தது.

புதுப் பாட்டரி தபாலில் வர நான்கு நாள்.
அந்த நான்கு நாளில் நடந்தது
அவளுக்கும் பெட்ரோல் பங்க் பெண்ணுக்கும் தெரியும்,
நாம் கேட்க வேண்டாம்.

இம்முறை மூடிக்குள் சைக்கிள் ட்யூப் வெட்டி ஒட்டினாள்.
ஒரு ஃப்யூஸும் வைத்தாள், பயத்துக்கு.
மூன்று புள்ளி ஒன்பதில் வெறும் ஈரம்.
ஐந்தரையில் கருகிய பஞ்சு, நாக்கில் ஒரு நாள் தங்கும்.
இரண்டுக்கும் நடுவே
மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டு போனால்
நான்கு புள்ளி நான்கில்
தொண்டை திடீரென்று அவளை அடையாளம் கண்டுகொண்டது.
சிவப்பு நகப்பூச்சால் அங்கே ஒரு புள்ளி.

இப்போது அதிகாலை மூன்றரை. சுப்பீரியர் தெருச் சரிவு.
கலப்பை இறங்கித் தார்ச்சாலையைச் சுரண்டுகிறது.
கண்ணாடியை இறக்கி ஊதுகிறாள்.
வெளியே மைனஸ் இருபத்தொன்று,
எது ஆவி, எது வெறும் மூச்சு என்று தெரியவில்லை.
நெஞ்சுக்குள் இழுப்பு இன்னும் விசிலடிக்கிறது,
ஆனால் இன்று கொஞ்சம் தள்ளி நின்று.

சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற ஓடெல்
டப்பாவைப் பார்த்துக் கத்துகிறான்:
"எனக்கொன்று செய்து தருவாயா?"
"மூன்று காலில் எது சும்மா நிற்கும், சொல்."
அவன் யோசிக்கிறான்.
பச்சை விழுந்துவிட்டது,
இன்னும் யோசிக்கிறான்.