ஆறு பத்து வண்டி

மாதனூர் கூட்ரோட்டில்
ஆறு பத்துக்குக் கம்பெனி வண்டி.
அதற்குள் சோறு வடித்து, குழம்பு இறக்கி,
டப்பாவில் அமுக்கி மூடும்போது
யோகிதா தூங்கிக்கொண்டிருப்பாள்.
அவள் அதைத் திறக்கும்போது
நான் இருக்கமாட்டேன்.

பள்ளிக்கூடத்துக்கு வந்த நர்சம்மா
சனிக்கிழமை அம்மாக்களைக் கூப்பிட்டிருந்தார்.
அரை நாள் சம்பளம் போனால் போகட்டும் என்று போனேன்.
ஒரு தாளைக் கொடுத்தார்.
நேற்று எழுந்ததிலிருந்து படுக்கிறவரை
பிள்ளை என்ன சாப்பிட்டது,
எத்தனை மணிக்கு, எவ்வளவு.

நேற்று நான் தைத்ததைக் கேட்டிருந்தால்
யோசிக்காமல் சொல்லியிருப்பேன்.
மணிக்கு அறுபது ஜோடி அப்பர்,
பழுப்புத் தோல், முப்பத்தெட்டாம் நம்பர்.
நூல் அறுந்தது இரண்டு முறை.
தண்ணீருக்கு எழுந்தது ஒரு முறை,
அதையும் சூப்பர்வைசர் பார்த்தார்.

பக்கத்தில் கோமளா எழுதி முடித்திருந்தாள்.
வீட்டிலேயே பீடி சுற்றுகிறவள்,
மடியில் முறம், முதுகில் பிள்ளை.
"கூடவே இருந்தாலும் துன்ன மாட்டான்க்கா" என்றாள்.
நிஜமோ,
எனக்காகச் சொன்னதோ.

தாளை இழுத்து
யோகிதாவே நிரப்பினாள். எட்டு வயது.
நாஷ்டா, ஸ்கூலில், சேமியா கிச்சடி
(தக்காளியைப் பொறுக்கிப் போட்டேன் என்று
அடைப்புக்குறிக்குள்).
மதியம், சோறு, முட்டை ஒன்று.
சாயங்காலம் நாலரை,
அங்கே பென்சில் நின்றது.
என் முகத்தைப் பார்த்தாள்.
அம்மா வச்ச சோறு, கீரைக் குழம்பு
என்று எழுதினாள்.

இரவு அந்த டப்பாவைக் கழுவியவள் நான்.
காலையில் நான் கரண்டியால் அமுக்கிய தடம்
சோற்றின் மேல் அப்படியே இருந்தது.
அவள் பாவாடையில்
ஐந்து விரலும் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது,
முனிரத்தினம் கடை அஞ்சு ரூபாய் பாக்கெட்.
அவள் தின்பதையெல்லாம்
சோப்பு போடும்போதுதான் படிக்கிறேன்.
நர்சம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.
அவள் எழுதியதற்குக் கீழே
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

(லாரி ஓட்டுகிற இவள் அப்பா
நேற்று எங்கே என்ன தின்றார் என்று
எந்தத் தாளும் என்னைக் கேட்கவில்லை.
கேட்டாலும் தெரியாது.)

ஆகஸ்ட் பிறந்தால் ஓவர்டைம்.
பனி விழப்போகும் ஏதோ ஒரு ஊருக்கு
கணுக்கால் மூடிய பூட்ஸ்.
அங்கே யாருக்கோ கால் குளிரக்கூடாது என்றால்
மாதனூரில் ஒரு தட்டு
ஏழு ஐம்பதிலிருந்து ஒன்பதரைக்கு நகரும்.
தூக்கத்திலேயே வாயைத் திறப்பாள்.
இரண்டு கவளத்துக்குமேல்
எனக்கே மனசு வராது.

அப்புறம் மார்ச்சில் ஆர்டர் இல்லை,
பதினோரு நாள் வரவேண்டாம் என்றார்கள்.
சம்பளத்துக்கு என்ன செய்வது என்பதை ஓரமாக வைத்துவிட்டு
களி கிண்டினேன்.
வேர்க்கடலை வறுத்து, மிளகாய் கிள்ளிப்போட்டு
சட்னி அரைத்தேன்.
அவள் பள்ளிவிட்டு வந்ததிலிருந்து
தட்டும் கையுமாகப் பின்னாலேயே திரிந்தேன்.
"பசிக்கலமா.
இன்னாத்துக்கு சும்மா சும்மா கேக்கற?"
நாலரைக்கு இல்லை.
ஆறுக்கு இல்லை.
ஒரு வாய்கூட இல்லை.
கடைக்குப் போகக் காசும் கேட்கவில்லை,
அதுதான் இன்னும் கோபமாக வந்தது.

ஏழு ஐம்பது.
கூட்ரோட்டில் ஒரு வண்டி
பிரேக் போடும் சத்தம் கேட்டது.
எங்கள் கம்பெனி வண்டி இல்லை,
ஆர்டர் இருக்கிற வேறு யாருடையதோ.
கணக்கு நோட்டை மூடி வைத்தாள்.
உள்ளே போய்
இரண்டு தட்டு எடுத்து வந்தாள்.
"வண்டி வந்துச்சு. பசிக்குது."

காலையிலிருந்து வீட்டிலேயே இருந்தவள் நான்.
செருப்பைக் கழற்றியதுபோல் வாசலில் நின்று,
கை கால் கழுவிக்கொண்டு வந்து
எதிரே உட்கார்ந்தேன்.

அன்று ரசத்துத் தக்காளியையும் தின்றாள்.