ஆறாவது கட்டம்

ஷார்ஜாவில், தொழிலாளர் நீதிமன்றத்துக்கு எதிர்வரிசையில்
ஜெராக்ஸ் கடைக்கும் சாயாக் கடைக்கும் நடுவே
என் டைப்பிங் சென்டர்.
அரபியில் மனு, பக்கத்துக்கு முப்பத்தைந்து திர்ஹாம்.
அழுகைக்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை.

ததேயுஸ் வந்தார், இது மூன்றாம் முறை.
வாசலில் இரண்டே படிகள்.
ஏறிவந்தவர் உட்காராமல்
மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு
மூச்சு பின்னால் வந்து சேரும்வரை நின்றார்.

படிவத்தின் ஆறாவது கட்டம்:
காயம் ஏற்பட்ட தேதி.
நாள், மாதம், வருடம்.
காலியாக விட்டால் கணினி
அடுத்த பக்கத்துக்குப் போகாது.

"எந்தத் தேதியெண்ணு சொல்ல?
எண்பத்தேழு ஈஸ்டர் கழிஞ்சதிலேருந்து
தொண்ணூத்தொண்ணு வரைக்கும்
எல்லா நாளும் போடலாமா?
வெள்ளிக்கிழமை மட்டும் லீவு."

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில்
கொதிகுழாய்களுக்குச் சட்டை போடுகிற வேலை.
வெள்ளைப் பலகையை ரம்பத்தால் அறுக்க வேண்டும்.
பழசு உதிர்ந்தால்
கையால் பிய்த்துச் சாக்கில் திணிக்க வேண்டும்.
மதியம் அந்தச் சாக்கில் தலைவைத்துத் தூக்கம்.
"அதைவிட மெத்துன்னு ஒரு தலையணை
பிறகு நான் வாங்கல்ல."
எஞ்சினியர் வருகிற நாளில் முகத்துணி தருவார்கள்.
அவர் கார் ஏறியதும்
எண்ணித் திருப்பி வாங்கிக்கொள்வார்கள்.

போன நோன்பு மாதத்தில்தான் மருத்துவர்
அதன் பெயரைச் சொன்னார்.
தமிழில் என்ன என்று என்னிடம் கேட்டார்.
கல்நார் என்றேன்.
கொஞ்சநேரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.
"கல்லுல நார் உரிக்கியது எண்ணு சொல்லுவாவளே.
நாலு வருசம் நான் உரிச்சேன்.
இப்ப கம்பெனிக்காரன்கிட்ட உரிக்கணும்."
சிரித்தார். பாதியில் அது இருமலாகிவிட்டது.

கம்பெனி மூன்று முறை பெயர் மாற்றியிருந்தது.
அப்படி ஒருவர் எங்கள் ஏட்டில் இல்லை
என்று பதில் எழுதியிருந்தது.
பீஸ் பிறகு பார்க்கலாம் என்ற வக்கீல் ஹனாதி,
சூடான்காரி,
போனில் கத்தினாள்:
தாள் கொண்டு வரச் சொல், ஏதாவது ஒரு தாள்.

இன்று கொண்டு வந்திருந்தார்.
பனியன் பெட்டியின் இரண்டு அட்டைகளுக்கு நடுவே
குளச்சலிலிருந்து யாரோ மருமகன் கையில் வந்த
ஒரு புகைப்படம்.
நான்கு பேர். உச்சி முதல் பூட்ஸ் வரை வெள்ளை.
கண்ணும் பல்லும் தவிர அடையாளம் கிடையாது.
லென்ஸ் வைத்துப் பார்த்தேன்:
ஹெல்மெட்டில் கம்பெனியின் பழைய பெயர்,
கடைசி எழுத்து மட்டும் தூசியில்.

இதில் நீங்கள் யார்?
நெடுநேரம் பார்த்தார்.
"ரெண்டாவது... இல்ல, அது சுலைமான்.
அவன் போயிட்டான். மாரடைப்பு எண்ணு சொன்னாவ."
பிறகு படத்தைத் திருப்பினார்.

நீல மை, சாய்ந்த எழுத்து:
ஸ்டெல்லா, வலது ஓரத்தில் நிற்பது நான்.
மேலே இருப்பது வெறும் தூசு.
குளித்தால் போய்விடும். பயப்படாதே.
14.2.89.

கோர்ட்டுக்கு வேண்டுமே என்று
ஒரு சொல் விடாமல் அரபியாக்கினேன்.
குளித்தால் போய்விடும் என்ற இடத்தில்
எந்தக் காலத்தில் வினையை வைப்பதென்று
விரல் கொஞ்சம் நின்றது.
எழுதியவர் எழுதிய காலத்திலேயே வைத்தேன்.
அடியில் வழக்கமான வரி:
மேற்கண்டது மூலத்துக்கு உண்மையானதென
உறுதி கூறுகிறேன்.
முத்திரை.

அந்தத் தேதியையே போடு, என்றாள் ஹனாதி.
மீதி நாட்களை நான் வாயால் சொல்லிக்கொள்கிறேன்.

"அன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டேன்.
"ஒண்ணும் நடக்கல்ல. போட்டோக்காரன் வந்தான்."

14. 2. 1989.
கணினி ஏற்றுக்கொண்டது.
அடுத்த பக்கம்.

பணம் வேண்டாம் என்றேன்.
"சும்மா செஞ்சா ரசீது தரமாட்டியளே," என்று
எண்ணி வைத்தார்.
ரசீதை ஊதிக் காயவைத்து, ஊத மூச்சு போதாமல் விசிறி,
அதே பனியன் அட்டைக்குள் செருகினார்.

விசாரணை புதன்கிழமை, மூன்றாம் மாடி.
லிப்ட் ஓடுமா என்று கேட்டார்.
விசாரிக்கிறேன் என்றேன்.