மூடி இல்லாமல்

சனிக்கிழமை ஆறரை மணிக்கே
அட்டையில் அம்புக்குறி வரைந்து
விளக்குக் கம்பத்தில் கட்டிவிடுகிறார்கள்.
மின்னசோட்டாவில் ஜூன் மாதம் என்றால்
கொசு, அப்புறம் கராஜ் விற்பனை.

மார்லிஸுக்கு நான்தான் ஓட்டுநர்.
அவளுக்குக் கண்ணில் புரை,
எனக்கு இடது முழங்கால்.
இரண்டு பேரையும் கூட்டினால்
ஒரு முழு ஆள் தேறும், ஒரு பழைய பியூக்கும்.

முதல் வீட்டில் மடக்கு மேசை.
அதன்மேல் ஒரு குடும்பம்
சாப்பிட்டு முடித்த நாற்பது வருடம்.
பச்சைக் கண்ணாடிக் கோப்பை மூன்று,
ஒன்றுக்குக் காது இல்லை.
துருவேறிய வார்ப்பிரும்புச் சட்டி,
கல்லுப்பு போட்டுத் தேய்த்தால் கறுத்துவிடும்
(விற்கிறவனிடம் இதைச் சொல்லக் கூடாது).
ஜெல்லி வார்க்க ஒரு செம்பு மீன்,
ஆணியில் தொங்கியே காலம் கழித்த மீன்.

நான் எடுத்தது முட்டை அடிக்கும் கருவி.
சிவப்பு மரப்பிடி.
சுற்றினால் சங்கிலி கழன்ற சைக்கிள் சத்தம்.
வீட்டில் ஏற்கெனவே ஏழு இருக்கிறது.
முட்டை எனக்கு ஆகாது.
ஒரு டாலர் கேட்டான், முக்காலுக்குப் படிந்தது.

மார்லிஸ் எதையும் வாங்கமாட்டாள்.
ஒவ்வொன்றாகக் கவிழ்த்து
அடியைப் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள்.
கம்பெனி முத்திரை தேடுகிறாள் என்று
வியாபாரிகள் மரியாதையாக ஒதுங்குவார்கள்.
எனக்குத் தெரியும், முத்திரை இல்லை.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால்
ஆர்டிஸ் குவாம்மியின் புருஷன் லோவெல் செத்த அன்று
ஒரு வெள்ளை ஓவன் பாத்திரத்தில்
உருளைக்கிழங்கும் கறியும் சுட்டு
சூடு ஆறாமல் கொண்டுபோய்க் கொடுத்தாள்.
பாத்திரம் திரும்பவில்லை.
ஒரு மாதம் பொறுத்துக் கேட்டாள்.
"அப்போதே கொடுத்துவிட்டேனே" என்றாள் ஆர்டிஸ்.
அவ்வளவுதான்.
சர்ச்சில் ஒருத்தி வலப்பக்கம், ஒருத்தி இடப்பக்கம்.
குளிரில் கார் நின்றுபோன நாளில்கூட
ஒருத்தியை ஒருத்தி கடந்து போனார்கள்.
அரைக்காசுப் பாத்திரம் என்று நான் சொன்னதற்கு
என்னோடும் ஒரு வாரம் பேச்சில்லை.

மழை தூறியதால்
நெடுஞ்சாலை ஓரத்துப் பழம்பொருள் கடைக்குள் நுழைந்தோம்.
நாப்தலீனும் பழைய ஸ்வெட்டரும் கலந்த வாசனை.
கடைசி அலமாரி, கீழ்த் தட்டு,
காப்பிப் பானைக்குப் பின்னால்.
மார்லிஸ் கவிழ்த்தாள்.
வைக்கவில்லை.

அடியில் பழுப்பேறிய ஒட்டுநாடா.
நீல மையில் ம. ட்வெட்.
அவளுடைய சாய்ந்த எழுத்து,
வரிசைக்கு நிற்காத ட்.

"இது எப்படி இங்கே வந்தது?"
கல்லாவில் மூக்குவளையம் போட்ட பையன்:
"புதன்கிழமை வந்த சாமான்.
மேட்டுமேல் லூத்தரன் சர்ச்
சமையலறையை ஒழித்தார்கள், பதினோரு பெட்டி."

அவள் அலமாரிகளைப் பார்க்கவில்லை.
என்னையும் பார்க்கவில்லை.
சர்ச் சமையலறையில், கழுவுதொட்டிக்கு மேல்,
பெயர் எழுதிய பாத்திரங்கள் காத்திருக்கும் அந்தத் தட்டு
எங்கள் எல்லோருக்கும் தெரியும்.
பத்தொன்பது வருடம் அதற்குக் கீழே நின்று
காப்பி ஊற்றியிருக்கிறாள்.

"இரண்டரை டாலர்" என்றான் பையன்.
"என் பாத்திரத்தை நான் காசு கொடுத்தா வாங்கணும்?"
அவன் நாடாவைப் படித்தான், அவளைப் படித்தான்.
"இன்றைக்கு நீலச் சீட்டு பாதி விலை" என்றான்.
அந்தச் சீட்டு மஞ்சள்.
நான் வாயைத் திறக்கவில்லை.
சில்லறையாக எண்ணிக் கொடுத்தாள்.
ரசீது வேண்டாம் என்றாள்.

காரில் அதைப் பின் இருக்கையில் வைத்து
பெல்ட் போட்டாள்.
துடைப்பான் இப்படியும் அப்படியும் போய்வந்தது.
தானியக் கிடங்கு தாண்டியது,
பெட்ரோல் பங்க் தாண்டியது.
ஆர்டிஸ் தெருவுக்கு முந்தின சிக்னலில்
சிவப்பு.

"மூடி இல்லை" என்றாள்.

"என்ன?"

"கண்ணாடி மூடி. அதோடு சேர்த்துத்தான் கொடுத்தேன்.
அது அவளிடம்தான் இருக்கும்."

முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.
கோபமா, சாக்கா,
புரை விழுந்த கண் எதையும் சொல்லாது.

பச்சை விழுந்தது.
"இடது பக்கம் திருப்பு" என்றாள்.