பதினோரு நாள் வெள்ளைத் திரை

கெமியார்வியில் ஜனவரி.
காலை ஒன்பதுக்கும் விடியாது.
என் மேசைத் திரையில் ஏழு நீலப் புள்ளிகள்
வீடு வீடாக நகரும்.
மாத்திரைக்கு ஆறு நிமிடம், கஞ்சிக்கு ஒன்பது,
காலுறை மாட்டிவிட நான்கு.
தாண்டினால் புள்ளி சிவக்கும்.
சிவந்தால் நான் கூப்பிடுவேன்.
சம்பளமே அதற்குத்தான்.

பிறகு அந்த உறைமழை.
கோபுரம் முறிந்து ஏரிமேல் விழுந்தது.
பதினோரு நாள் திரை வெறும் வெள்ளை.
முதல் நாள் எனக்குக் கை நடுங்கியது,
சிகரெட்டை விட்டவனைப் போல.

எட்டாம் நாள் ஹில்க்கா
பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வந்து
ஒரு தாளை நீட்டினாள். பின்பக்கம் மளிகைக் கணக்கு.
வரிசையை மாற்றிவிட்டார்களாம்.
நாலரைக்கே விழித்துக் கட்டில் விளிம்பில்
காத்திருக்கும் உல்யாஸ் முதலில்.
பத்துவரை தூங்கும் லெம்பி கடைசியில்.
மாத்திரை கொடுத்தாயிற்றென்றால்
அஞ்சல் பெட்டியில் ஒரு துணிக்கவ்வி.
சாப்பாட்டு வண்டிக்காரன் அதைக் கண்டால் போய்விடுவான்,
காணாவிட்டால் கதவைத் தட்டுவான்.
அவன் வேறு கம்பெனி.
இத்தனை வருடத்தில் இவர்களோடு பேசியதே இல்லை.

“யாரைக் கேட்டுச் செய்தீர்கள்?”
“கேட்க யார் இருந்தார்?”

தவறும் நடந்தது, சொல்லிவிடுகிறேன்.
ஓனா புதியவள். நேற்றைய கவ்வியைக் கழற்ற மறந்தாள்.
ஒரு மனிதர் மாலைவரை மாத்திரையின்றிக் கிடந்தார்.
பிழைத்தார்.
அன்றிரவு ஏழு பேரும் என் அறையில் கூடிக்
கத்தினார்கள், அழுதார்கள்,
காலைக்குச் சிவப்பு மாலைக்குப் பச்சை என்று
அவர்களே முடித்தார்கள்.
நான் காபி ஊற்றினேன்.
ஓனாவுக்கு இரண்டு முறை.

பன்னிரண்டாம் நாள் புள்ளிகள் திரும்பின.
ஏழும் சிவப்பு.
மேலிடத்திலிருந்து தொலைபேசி:
“கவ்வி யோசனை பிரமாதம். படிவமாக்குங்கள்.
வாரத்துக்கு இத்தனை என்று இலக்கும் வையுங்கள்.”

உட்கார்ந்தேன்.
முதல் கட்டம், கவ்வியின் நிறம். எழுதினேன்.
இரண்டாம் கட்டம், அனுமதி வழங்கியவர்.
பேனா அங்கேயே நின்றது.

இருபது வருடம் இவர்களைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.
பார்த்துக்கொண்டேனா, தெரியவில்லை.

மறுநாள் ஐந்து மணிக்கு ஹில்க்காவின் வண்டியில் ஏறினேன்.
இருக்கையில் நாய் முடி. கண்ணாடியில் பனி.
இவர் யார் என்றார் உல்யாஸ்.
“புது ஆள்” என்றாள்.

காலுறை மாட்டிவிட எனக்குப்
பதினேழு நிமிடம் ஆயிற்று.