எதை வெட்ட?

நல்ல இரும்பா ஒரு கத்தி கொடு என்கிறார்கள்.
எதை வெட்ட என்று கேட்டால்
என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

முதுநகர்த் துறைமுகத்துக்குப் போகும் வழியில்
ஐஸ் ஃபேக்டரிக்கு எதிரே என் சாணைச் சக்கரம்.
அதில் வைத்தால் எந்த இரும்பும் பொய் சொல்லாது.
லாரிப் பட்டை
மத்தாப்பு மாதிரி கிளை கிளையாய் வெடிக்கும்.
சில்வர் வெடிக்காது.
சிவந்த கோடாய்க் கொஞ்ச தூரம் போய்
வந்த வேலை முடிந்ததுபோல் அணையும்.

நெல்லிக்குப்பத்துக் கரும்புக்குப் பட்டைதான்.
நாள் முழுக்க ஓங்கிப் போட்டாலும்
வளைந்து நிமிரும், ஒடியாது;
மேட்டிலும் பள்ளத்திலும் சுமை தாங்கிய இரும்பு.
பண்ருட்டிப் பலாவுக்கு எதுவும் போதும்,
எண்ணெய்தான் முக்கியம்.
புதுச்சேரி ஓட்டல் சமையல்காரர் ஒருவர்
ஜெர்மன் கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துவந்து
அதன் ஊர், பெயர், விலை எல்லாம் சொன்னார்.
தக்காளி வழுக்குதாம்.

அஞ்சலாட்சி மட்டும் மூன்று முறை திரும்பி வந்தாள்.

முதலில் சில்வர் கொடுத்தேன்.
துருவே இல்ல ரெஜினா, ஆனா
ஆறு கிலோ வஞ்சிரத்துக்குள்ள மழுங்கிப்போகுது,
முள்ளுல உக்காந்து முனகுது என்றாள்.
அடுத்தது லாரிப் பட்டை. கூர் நின்றது.
ஞாயிற்றுக்கிழமை கழுவாமல் வைத்தாளாம்,
திங்கள் காலை
கருவாட்டு நிறத்தில் கிடந்ததாம் கத்தி.
வெள்ளை வவ்வாலில் கறை பட்டு
நாற்பது ரூபாய் குறைத்துக் கேட்டார்களாம்.

கூரும் நிக்கணும், துருவும் பிடிக்கக் கூடாதுன்னா
மாதா கோயில்ல போய் மெழுகுவத்தி ஏத்து என்றேன்.
ஏத்திட்டுத்தான் வரேன் என்றாள்.

சிப்காட் பட்டறையில் தண்டவாளம்போல் கம்பிகளை அறுத்து
பாதியில் உடைந்த ஹாக்சா பிளேடு ஒன்று
எடைக்கு வந்து மூலையில் கிடந்தது.
சக்கரத்தில் சிவந்தாலும் பதம் இறங்காத ரகம்.
இரும்பையே அறுத்தது வஞ்சிரத்துக்கு அஞ்சுமா?
ஒரு மத்தியானம் முழுக்கத் தீட்டினேன்.
துரு வராதா என்றாள். வரும், நிதானமாக வரும்.
கீழ போடாத, கண்ணாடி மாதிரி என்றேன்.

மூன்றாம் நாள் சிமெண்டுத் தரையில் போட்டுவிட்டாள்.
முனை போயிற்று, ஒன்றரை விரற்கடை.

கையிலிருப்பதை என்மேல் வீசுவாள் என்று நினைத்தேன்.
உடைஞ்ச இடத்த உருண்டையாக்கிக் குடு என்றாள்.
இப்போதெல்லாம் வயிற்றைக் கீறும்போது
பித்தப்பையில் குத்துவதில்லையாம்.
ஒரு மீனும் கசக்கவில்லையாம்.

அதற்குப் பிறகு நான்கு பேர் வந்து
அஞ்சலாட்சி கத்தி மாதிரி வேண்டும் என்றார்கள்.
முழு பிளேடாக எடுத்து
முனையை நானே உடைத்துக் கொடுக்கிறேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று.
என் வீட்டில் இருப்பது
மிக்ஸியோடு இலவசமாக வந்த
மஞ்சள் பிடிக் கத்தி.
அதற்கு ஊர் இல்லை, பெயர் இல்லை, பதமும் இல்லை.
தக்காளியை அது வெட்டுவதில்லை,
சம்மதிக்க வைக்கிறது.