எங்கே தங்கலாம் என்று கேட்டவருக்கு

ஆரப்பாளையத்தில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்.
காலடியில் இருந்த பையைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னீர்கள்.
அது நகராது.
உள்ளே ஐந்து கிலோ எடைக்கற்கள் நான்கு,
எல்லாம் முத்திரை குத்தியவை.
தராசு ரிப்பேர் என்றேன். நீங்கள் என் வளையலைப் பார்த்தீர்கள்.
பிறகுதான் கேட்டீர்கள்:
ரெண்டு ராத்திரி சும்மா இருக்கணும்,
மதுரையிலேயே ரூம் போடட்டுமா,
இல்லை, அமைதியா எழுமலைப் பக்கம் போயிடட்டுமா?

செக்கானூரணி வரைக்கும் யோசித்தேன்.

டவுன்ஹால் ரோட்டில் முதல் தடவை
மூன்று லாட்ஜ் வாசலில் ஒரே வாக்கியம்:
ஒத்தப் பொம்பளைக்கு ரூம் இல்லம்மா.
நாலாவதில் துளசிராம்
ஆதாரைப் பார்த்தார், கம்பெனிக் கடிதத்தைப் பார்த்தார்,
பையைத் தூக்கிப் பார்த்து உடனே கீழே வைத்தார்.
வருகையின் நோக்கம் என்ற கட்டத்தில்
எடை என்று எழுதினேன்.
படிக்காமலே சாவியைத் தள்ளினார்.

நூற்றுப் பதினாலு, உள்பக்க அறை.
ஜன்னலைத் திறந்தால் அடுத்த லாட்ஜின் சுவர்,
இடையில் ஒரு முழம் இருட்டு,
ஏசிப் பெட்டிமேல் புறா முட்டை ஒன்று.
வெளியே ஜிகர்தண்டா கிளாஸ்கள் மோதும்,
நைட்டி இருநூறு இருநூறு என்று ஒருவன் தொண்டை கிழியும்,
கோயிலில் செருப்பைத் தொலைத்த வடநாட்டுக் குடும்பம்
வெறுங்காலோடு ஆட்டோக்காரரிடம் பேரம் பேசும்.
உள்ளே ஒன்றும் கேட்காது.
ஐப்பசியில் காய்ச்சலோடு கிடந்தபோது
அந்த அறையின் பெரிய சத்தம்
மாத்திரை அட்டை பிய்கிற சத்தம்தான்.
இரண்டு நாள். யாரும் தட்டவில்லை.
தட்டியது துளசிராம்,
இருபத்துநாலு மணிநேரம் முடிந்தது, இன்னொரு நாள் போடவா?

அமைதி கேட்டீர்களே, அது அங்கேதான் இருக்கிறது.

எழுமலையில்
மலை தெரியும், ஒத்துக்கொள்கிறேன்.
கடைத்தெரு முடிகிற இடத்தில் சட்டென்று எழுந்து நிற்கும்,
மழைக்கு முந்தின நாள் இன்னும் கிட்ட வரும்.
பருத்திக் கடைத் தராசு
மூட்டைக்கு இருநூறு கிராம் பிசகியிருந்தது.
எந்தப் பக்கம் என்று
கடைக்காரர் ஒச்சப்பன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
சரிசெய்து நிமிர்ந்தால் கடைசி பஸ் போயிருந்தது.

லாட்ஜ் கிடையாது. குடோனில் கட்டில் போட்டார்கள்.
அதற்குள் பதினோரு பேர் வந்து கேட்டார்கள்:
எந்த ஊரு, கல்யாணம் ஆச்சா, ஏன் ஆகல,
அப்பா என்ன செய்றாரு, வீடு எந்தத் தெரு,
கடைசியில் ஒருவர், சுற்றி வராமல்,
நீங்க என்ன ஆளுக?
தராசு ஆளு என்றேன்.
இரண்டு பேர் சிரித்தார்கள்.
எல்லாருக்கும் கிளாஸில் வந்த டீ
எனக்குப் பேப்பர் கப்பில் வந்தது.
விருந்தாளிக்கு மரியாதையோ என்னவோ.
இருபது கிலோ கற்களை வைத்துக்கொண்டும்
அந்தக் கப்பை எடைபோட எனக்குத் தெரியவில்லை.

தூக்கமா? நாலே முக்காலுக்கு மைக்செட்.
அதற்கு முன்னால் சேவல், அதற்கும் முன்னால்
யாரோ ஒரு பைக்கை உதைத்துக்கொண்டே இருந்தான்.
முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.
அந்த வீட்டு மருமகள் விருமாயி
கேட்காமலே டார்ச் எடுத்து முன்னால் நடந்தாள்.
பையின் ஒரு காதை அவள் பிடித்தாள், ஒரு காதை நான்.
வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை.
பஸ் விளக்கு தெரிந்ததும்தான் சொன்னாள்:
மதுரையில ரூம் எடுத்தா
கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கலாமாமே.

இவ்வளவும் நான் உங்களிடம் சொல்லவில்லை.
மதுரை என்றால் உள்பக்க அறை கேளுங்கள்,
எழுமலை என்றால் கொசுவத்தி வாங்கிக்கொள்ளுங்கள்
என்று மட்டும் சொன்னேன்.
உங்களுக்கு எது பிடிக்கும் என்றீர்கள்.

அதற்குள் கண்டக்டர் வந்து
பைக்கு லக்கேஜ் போடணும் என்றார்.
எவ்வளவு இருக்கும்?
இருபது என்றேன்.
என் முகத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார்,
பத்துக்குப் போட்டுவிட்டு
உசிலம்பட்டியெல்லாம் எறங்கு என்று கத்தினார்.